லிப்டன் சீட்: ஏற ஓட்டோ, இறங்கக் கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைக்குப் போய் லிப்டன் சீட் என்ற மலையுச்சியைப் பார்க்க நினைப்பவர்கள், மேலே ஏற ஓட்டோ பிடியுங்கள். மேலே போனதும் அந்த ஓட்டோவை அனுப்பிவிட்டு நடந்து இறங்குங்கள். நிறையப் பேர் போக வரச் சேர்த்தே விலை பேசிக்கொண்டு, அரை மணி நேரம் மேலே நின்று படம் எடுத்துவிட்டு, அதே வண்டியில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த மலையில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி கண்ணில் படாமலே போய்விடும்.

நாங்கள் மூன்று பேர். நான், அம்மா, என் 11 வயது மகன். 2023 பெப்ரவரியில் வவுனியாவிலிருந்து போனோம். அம்மாவுக்கு அப்போது 65 வயது. அவர் பிறந்தது ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 15 வயதில் கொழுந்துக் கூடை எடுத்தவர். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. வந்த பிறகு ஒரு தடவைகூட மேலே போகவில்லை. போக வேண்டும் என்று கேட்டதும் இல்லை. இந்த முறை நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

வவுனியாவிலிருந்து கண்டிக்கு பஸ். அங்கே ஒரு இரவு தங்கி, காலையில் கொழும்பிலிருந்து வரும் பதுளை ரயிலைப் பிடித்தோம். அம்மா இன்னும் கோச்சி என்றுதான் சொல்கிறார். இந்தப் பாதையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் ஒன்றே ஒன்று. பட்டிப்பொல நிலையம்தான் இலங்கை ரயில் பாதையிலேயே உயரமானது, 1,897 மீற்றர். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். நாங்கள் போன அன்று சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் தூறலும் மூடுபனியுமாக இருந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் பளிச்சென்று வெயில். "ஊவா வந்திருச்சு" என்று, தான் பிறந்த மாகாணத்தின் பெயரைச் சொல்லி அம்மா எழுந்து நின்றுவிட்டார். அதுவரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர், அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று நிலையப் பெயர்களைப் பலகை வருமுன்பே மகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இதல்கஸ்ஹின்னவில் ரயில் மலை முதுகின் மேலேயே நிற்கும். இரண்டு பக்கமும் பள்ளம். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே பகல் ரயிலில் வர வேண்டும்.

ஹப்புத்தளையும் அதே மாதிரி ஒரு மலை முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர். கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் வீதி சட்டென்று முடிந்து கீழே தெற்குச் சமவெளி தொடங்கிவிடும். திரும்பி மறுபக்கம் போனால் ஊவாப் பள்ளத்தாக்கு. ரயில் பாதைதான் பாதி ஊருக்கு நடைபாதை. பள்ளிப் பிள்ளைகள், மரக்கறிப் பையோடு வரும் பெண்கள் எல்லோரும் தண்டவாளத்தின் ஓரமாகத்தான் நடக்கிறார்கள்.

தங்கிய விடுதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர் வேண்டாம். ஊருக்குள்ளேயே, பள்ளத்தைப் பார்த்த அறை. படத்தில் பார்த்தது போலத்தான் காட்சி இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் யன்னல் ஒன்று முழுதாக மூடவில்லை. இரவு முழுக்கக் காற்று ஊளையிட்டது. மலையில் பெப்ரவரி இரவு என்றால் வவுனியாக்காரருக்குச் சாதாரணக் குளிர் இல்லை. கூடுதல் போர்வை கேட்டதற்கு ஒன்றுதான் தந்தார்கள், அதை அம்மாவுக்குக் கொடுத்தோம். சுடுதண்ணீர் உண்டு என்று முன்பதிவில் போட்டிருந்தது. காலை 4 மணிக்குத் திருகினால் பச்சைத் தண்ணீர். விடியமுன் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டித் தருவோம் என்று முதல் நாள் சொன்னவர்கள், காலையில் எழுந்திருக்கவே இல்லை. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் விடியமுன் மலைக்குக் கிளம்புவதற்காகவே வருகிறார்கள். அந்த நேரத்துக்கு ஒரு போத்தல் சுடுதண்ணீரும் இரண்டு துண்டு பாணும் வைப்பது பெரிய வேலை இல்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் அறை எடுக்குமுன் யன்னலை ஒருமுறை மூடிப் பாருங்கள். அது போதும்.

ஓட்டோவை விடுதி மூலமாகப் பேசவில்லை. முதல் நாள் மாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தம்பியிடம் நேரடியாகப் பேசினோம். போக மட்டும் 3,000 ரூபாய். "திரும்பி வர வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நடந்து வருகிறோம் என்றதும் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நான் இதவிட ஏத்தத்துல கூடையோட நடந்தவ தம்பி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையன் பேரம் பேசவில்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் வந்து நின்றார்.

நகரத்திலிருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலைவரை சுமார் 10 கிலோமீற்றர். அதுவரை தோட்டத்துப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் போய்வரும் பஸ் இருக்கிறது. காசு மிச்சம் பிடிக்க வேண்டியவர்கள் அதிலேயே போகலாம். தொழிற்சாலையிலிருந்து உச்சிக்கு இன்னும் 7 கிலோமீற்றர், தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய பாதை. உடம்பு வலுவுள்ளவர்கள் பஸ்ஸில் வந்து அந்த 7 கிலோமீற்றரையும் நடந்தே ஏறலாம். ஆனால் அப்படிச் செய்தால் மேலே போய்ச் சேரும்போது காலை 9 மணி தாண்டிவிடும். அப்போது மூடுபனி ஏறத் தொடங்கும். பனி வந்துவிட்டால் லிப்டன் சீட்டில் உங்களுக்குத் தெரியப் போவது உங்கள் சப்பாத்து மட்டும்தான். அதனால்தான் ஏறுவதற்கு ஓட்டோ என்கிறேன்.

மேலே போனபோது நன்றாக விடியவில்லை. உயரம் ஏறக்குறைய 1,970 மீற்றர். காற்று முகத்தில் அறைந்தது. தோமஸ் லிப்டன் இந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம், அதனால்தான் இந்தப் பெயர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 1871இல் ஒரு மளிகைக் கடையோடு தொடங்கிய மனிதர் அவர். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன உட்படச் சில தோட்டங்களை வாங்கினார். அதற்கு 20 ஆண்டுக்கு முன்னால் கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. நிலம் மலிவாகக் கிடைத்த காலம். நடுவில் இருந்த தரகர்களை விட்டுவிட்டு, தன் தோட்டத்துத் தேயிலையை அளந்து பக்கெட்டில் போட்டுத் தன் கடைகளிலேயே விற்றார். உலகம் முழுக்க அந்தப் பெயர் பரவியது அப்படித்தான். அவருடைய சிலை ஒன்று மேலே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மகனும் எடுத்துக்கொண்டான்.

சூரியன் வந்ததும் காட்சி எப்படி என்று கேட்டால், சொன்ன புகழ் முழுக்க உண்மை. காலுக்குக் கீழே மலைகள் படிப்படியாக இறங்கி, தெற்கே சமவெளி விரிந்து, அதன் நடுவில் ஒரு நீர்த்தேக்கம் மின்னியது. அது உடவளவ என்று ஓட்டோத் தம்பி காட்டினார். கீழே பள்ளத்தாக்குகளில் மேகம் கிடந்தது. சூரியன் கொஞ்சம் ஏறியதும் அந்த மேகம் இழை இழையாகப் பிரிந்து மேலே வந்தது. மகன் அதைக் கையால் பிடிக்கப் பார்த்தான்.

அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஸ்லந்தை எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். தம்பி கையை நீட்டிக் காட்டினார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. எங்கள் வீட்டில் அன்று முழுக்கத் தொலைக்காட்சி ஓடியதும், அம்மா சமைக்காமல் உட்கார்ந்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் அந்தத் திசையில் கும்பிட்டு நின்றார். தம்பியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

மேலே ஒரு சின்னத் தேத்தண்ணீர்க் கடை இருக்கிறது. இந்த ஊர்ச் சாப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அங்கே கிடைத்த ரொட்டிதான். தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டுத் தடிப்பாகத் தட்டிய ரொட்டி. கல்லில் கருகல் புள்ளி விழும்வரை விட்டு எடுத்தார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெதுவாகவும் இருந்தது. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். வெங்காயமும் செத்தல் மிளகாயும் மாசியும் வைத்து அம்மியில் அரைத்த சம்பல் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது, ஏனென்றால் மிளகாய் விதை பாதி உடைந்தும் பாதி முழுதாகவும் இருந்தது. அந்தக் குளிரில் காதுவரை சுட்டது. கூடவே சாயத்தண்ணி. பால் இல்லாத தேத்தண்ணீரைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்பதை அம்மா மகனுக்குப் பழக்கிக் கொடுத்தார். மூன்று பேர் வயிறு நிறையச் சாப்பிட்டும் 1,000 ரூபாய் ஆகவில்லை. சுற்றுலா இடத்து உச்சியில் இப்படி நியாயமான விலைக்கு நான் எங்கும் சாப்பிட்டதில்லை. விடுதியில் காலைச் சாப்பாடு கிடைக்காதது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, இறக்கத்துக்கு வருகிறேன்.

ஏழரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பாதை முழுக்கத் தார் போட்டதுதான், அங்கங்கே பெயர்ந்து கல்லாக இருக்கிறது. வழி தவற இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம், ஒரு தடி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பாதையோரத்தில் கிடந்த சவுக்குக் கொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டார். வளைவுக்கு வளைவு குறுக்குப் படிகளும் உண்டு, தொழிலாளர்கள் அதில்தான் இறங்குகிறார்கள். ஈரமாக இருந்தால் அந்தப் படிகள் வேண்டாம். மழைக்காலத்தில் அட்டையும் இருக்கும்.

இரண்டாவது வளைவிலேயே பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது, முடிந்து வருகிற நேரம். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, சிலர் கூடையும் சிலர் பையும். எங்களைப் பார்த்ததும் ஒரு அக்கா நின்று, "எங்க இருந்து வர்றீங்க?" என்று கேட்டார். வவுனியா என்றோம். "இவங்க பொறந்தது இங்கதான்" என்று நான் அம்மாவைக் காட்டியதும், அவ்வளவுதான், நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். எந்தத் தோட்டம், மேக்கணக்கா பணியக்கணக்கா (தோட்டத்தின் மேல் பிரிவா கீழ்ப் பிரிவா), யார் வீட்டுப் பிள்ளை என்று கேள்விமேல் கேள்வி. ஒருவருடைய பெரியம்மாவை அம்மா இருந்த தோட்டத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். அம்மா அந்தப் பெரியம்மாவின் வீட்டு அடையாளம் சொன்னார். வாசலில் பேரிக்காய் மரம் நின்ற வீடு. ஆமாம், அதே வீடுதான். இப்போது மரம் இல்லை என்றார்கள்.

பிறகு அவர்கள் நிரை, அதாவது ஆளுக்கொரு தேயிலை வரிசை, பிடிக்கப் போக வேண்டியிருந்தது. பாதைக்குப் பக்கத்து மலையிலேயே இறங்கிப் பறிக்கத் தொடங்கினார்கள். அம்மா அந்த அக்காவிடம், "பிள்ள, ஒரு நிமிசம் நான் கை வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே விலகி இடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் கீரை ஆய்கிறபோது, கறிவேப்பிலை உருவுகிறபோது பார்த்த கைதான். ஆனால் அன்று அது வேறு கை. இரண்டு கையும் செடியின் தலைமேல் விரிந்து போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டைத் தொட்ட இடத்தில் ஒரு சின்ன முறிப்பு, டிக், டிக் என்று சத்தம் கேட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும். நகத்தால் கிள்ளக் கூடாது, விரலால் ஒடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கூடையில் போடுவதும் இல்லை. ஒடித்ததெல்லாம் உள்ளங்கைக்குள்ளேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கை நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிந்தார். அம்மாவின் முதுகில் கூடை இல்லை. கொழுந்து தரையில் விழுந்தது. 46 ஆண்டுக்குப் பிறகும் கை கூடையைத் தேடியிருக்கிறது. அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் தன் கூடையைக் கழற்றி அம்மாவின் தலையில் கயிற்றை மாட்டிவிட்டார். அம்மா ஒரு பத்து நிமிடம் பறித்திருப்பார். பெண்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவே இல்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். 18 கிலோ என்றார்கள். எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். எங்கள் காலத்திலும் அரைப்பேர் போடுவார்கள் என்று அம்மா சொன்னார். 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய்தான் நாங்கள் போன நேரத்திலும் நாட்கூலி. அரிசி, மா, சீனி விலையெல்லாம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. இதை ஏன் ஒரு சுற்றுலா மதிப்புரையில் எழுதுகிறாய் என்று யாரும் கேட்டால், அந்த மலையில் நீங்கள் படம் எடுக்கிற ஒவ்வொரு பச்சை வரிசையும் இவர்களுடைய கையால் மட்டப்படுத்தியது என்பதைத்தான் சொல்வேன். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரா வாரம் கொழுந்து எடுப்பதால்தான் அது இடுப்பளவில் கம்பளம் மாதிரி இருக்கிறது. அவர்களைப் படம் எடுப்பதென்றால் முதலில் பேசுங்கள், கேளுங்கள். சிலர் காசு எதிர்பார்ப்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். இரண்டும் அவர்கள் உரிமை.

அங்கிருந்து கீழே வரவர லயங்கள், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா, ஒரு சின்ன அம்மன் கோவில், கொழுந்து நிறுக்கிற மடுவம். லயத்து வாசல்களில் செவ்வந்தியும் டேலியாவும் பூத்திருந்தன. அம்மா மகனுக்குத் தன் வீடு எப்படி இருந்தது என்று ஒரு லயத்தைக் காட்டி விளக்கினார். ஒரு காம்பரா, முன்னால் ஒரு திண்ணை, அதில் ஏழு பேர். "எல்லாரும் எங்க படுப்பீங்க அம்மம்மா?" என்று அவன் கேட்டான். அவர் வரிசையாக இடம் சொன்னார். தாத்தா கதவோரம், அண்ணன்மார் திண்ணையில், நான் அடுப்புப் பக்கம், குளிராது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததையும், 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் யார் இந்தியா, யார் இலங்கை என்று பிரித்ததையும் நான் புத்தகத்தில் படித்தவள். அம்மா அதைச் சொல்லும்போது, எதிர்க் காம்பராத் தோழி கோச்சியில் ஏறிப் போன கதையாக வந்தது. மகன் நடையை மெதுவாக்கிக் கேட்டுக்கொண்டே வந்தான். ஓட்டோவில் வந்திருந்தால் இந்த லயங்கள் ஒரு நிமிடத்தில் பின்னால் போயிருக்கும்.

தொழிற்சாலைக்கு வந்து சேர ஏறக்குறைய பத்தரை மணி. நின்று, பேசி, உட்கார்ந்து வந்ததால் மூன்று மணி நேரம் ஆயிற்று. நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரமே போதும். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது உச்சி தெரியவில்லை, முழுதும் பனி. அந்த நேரத்தில்தான் பெரிய வான்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன.

தம்பேதன்ன தொழிற்சாலை லிப்டன் 1890இல் கட்டியது. நீளமான பெரிய கட்டடம், இன்றும் வேலை நடக்கிறது. கட்டணம் செலுத்தினால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். கட்டாயம் பாருங்கள். கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவது முதல் வேலை. பிறகு உருட்டி நசுக்குவது, காற்றுப்பட்டு நிறம் மாற விடுவது, சூட்டில் காய வைப்பது, சல்லடையில் தரம் பிரிப்பது. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் வரும். காய வைக்கிற இடத்தில் வருகிற வாசனையை நான் எப்படிச் சொல்வது. புதுப் பக்கெட்டை உடைத்ததும் மூக்கில் ஏறுமே, அதைப்போல நூறு மடங்கு, சூட்டோடு.

கூட்டிப்போன பெண் தமிழிலேயே விளக்கினார், அதுவும் பொறுமையாக. வெளிநாட்டவர்கள் வேறு குழுவாக வந்ததால் நாங்கள் கேட்டதெல்லாம் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. அம்மா எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தவர், வாட்டுகிற மேல்மாடியில் நின்று, "நான் ஸ்டோருக்கு உள்ள வந்தது இதுதான் முதல் தடவ" என்றார். ஸ்டோர் என்பது அவர்கள் தொழிற்சாலைக்குச் சொல்கிற பெயர். அவர் பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுத்து லொறியில் ஏறினால் அதோடு சரி. அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்பதை அவர் 65 வயதில், நுழைவுச்சீட்டு வாங்கித்தான் பார்த்தார். வழிகாட்டிய பெண் அதைக் கேட்டுவிட்டு, வரிசையில் இல்லாத ஒரு இடத்துக்கும் எங்களைக் கூட்டிப்போய், சலித்து விழுந்த தூளைக் கையில் அள்ளி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கு. மத்தியானச் சாப்பாடு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னச் சைவக் கடையில். சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கல், கரட் சம்பல், அப்பளம். அன்று காலை தோட்டத்தில் பிடுங்கிய லீக்ஸ் என்று சொல்லத் தேவையில்லை, தண்டில் அந்த இனிப்பு இருந்தது. ஊரில் சைனீஸ், பாஸ்தா என்று பலகை போட்ட கடைகளும் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மரக்கறிச் சந்தைக்குப் போனோம். கோவா, கரட், பீட், போஞ்சி, நோக்கோல் எல்லாம் மண்ணோடு குவிந்து கிடந்தன. வவுனியா விலையோடு பார்க்கும்போது பாதிக்குப் பாதி. அம்மா ஐந்து கிலோ வாங்கிவிட்டார். தூக்கியது நான்.

பிறகு அடிஷாம் பங்களா. ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீற்றர், ஓட்டோவில் பத்து நிமிடம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய கல் வீடு. இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பள்ளி விடுமுறை நாட்களில்தான் பொதுமக்களை விடுவார்கள், அதைப் பார்த்து நாளைத் தீர்மானியுங்கள். உள்ளே பார்க்கக் கிடைப்பது வரவேற்பறையும் நூலகமும்தான். தோட்டம் அழகு, ரோஜாக்கள் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் முதல் நாள் நடையைப் பார்த்தபிறகு எனக்கு இது கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதை விட்டுவிடலாம். துறவிகள் செய்து விற்கிற ஜாம் மட்டும் வாங்கத் தவறாதீர்கள். ஸ்ட்ரோபெரி ஜாமில் பழம் முழுசாகக் கிடக்கிறது. இரண்டு போத்தல் வாங்கியதில் ஒன்று கண்டிக்கு வருமுன்பே முடிந்துவிட்டது.

அடிஷாமிலிருந்து தங்கமலைக் காட்டின் ஓரமாக மலை முதுகிலேயே இதல்கஸ்ஹின்ன நிலையத்துக்கு நடக்க ஒரு பாதை உண்டு. அங்கிருந்து ரயிலில் ஹப்புத்தளைக்குத் திரும்பலாம். நேரம் போதாததால் நாங்கள் போகவில்லை, அது அடுத்த முறைக்கு.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை வானம் தெளிவாக இருக்கும். தடித்த சுவெற்றரும் காதை மூடத் தொப்பியும் எடுங்கள், இறங்கும்போது வெயில் சுடும், கழற்றி வைக்கப் பையும் வேண்டும். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வளைவுகளில் தேயிலைக்குள் எறிந்து கிடக்கும் வெற்றுப் போத்தல்களைக் கொழுந்து பறிக்கிறவர்கள்தான் பொறுக்குகிறார்கள், அதற்கு அவர்களுக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

அம்மா முந்தானையில் முடிந்து வந்த தூள் ஒரு சின்ன ஹோர்லிக்ஸ் போத்தலில் குசினி அலுமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதில் தேத்தண்ணீர் போடுவதில்லை, மூடியைத் திறந்து முகரக் கொடுக்கிறார். போன வாரம் என்னிடம் கேட்டார், பேரி மரம் நின்ற வீட்டுக்குப் போகிற பஸ் பண்டாரவளையிலிருந்து புறப்படுமா, ஹப்புத்தளையிலிருந்தா என்று. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.